மூட்டு வலிக்குப் போகலாம், கோவிட் அசதிக்கு வேண்டாம்: மார்த்தாண்டம் பக்கத்து பிசியோதெரபி சென்டர்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடம் சுத்தம். ஒரு சிட்டிங் 350 ரூபாய், கேட்காமலே பில் தருகிறார்கள். பக்கவாதத்தில் கை விழுந்தவர்கள், மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்தவர்கள் தேறிப் போவதை அங்கே கண்ணால் பார்த்தேன். தோளைத் தூக்க முடியாமல் வந்த ஒரு அண்ணன் இப்போது மறுபடி ரப்பர் பால் வெட்டப் போகிறார்.

நான் போனது வேறு காரியத்துக்கு. கோவிட் வந்து மாதக்கணக்காகியும் அசதி விடவில்லை. தையல் மிஷினில் இரண்டு ஜாக்கெட் சேர்ந்தாற்போல் தைத்தால் மறுநாள் படுக்கைதான். இதைச் சொன்னேன். “படுத்தே கிடந்ததால வந்த தளர்ச்சி அக்கா, சைக்கிள் சவட்டினா சரியாவும்” என்றார் பிசியோ தம்பி. விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினார், 98 காட்டியது. சரி, ஏறுங்க என்றார். வாராவாரம் நிமிடத்தைக் கூட்டினார்கள்.

சைக்கிளில் இருக்கும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வில்லங்கமே அதுதான். இந்த நோயில் அடி விழுவது பெரும்பாலும் மறுநாள், சில நேரம் அதற்கும் அடுத்த நாள். எழுந்தால் தொண்டை வலி, மேலுவலி, பேசுகிறவர்கள் சொல்வது மண்டையில் ஏறாது. தலை வாரக் கையைத் தூக்க முடியாது. அங்கே எனக்கென்று ஒரு நோட்டு: தேதி, நிமிடம், நாடி, ஆக்சிஜன் என்று கட்டம் போட்டிருக்கும். நிமிடம் ஏறிக்கொண்டே போகிறது. நான் கிடையாய்க் கிடந்த நாட்களுக்கு நேரே ‘வரவில்லை’ என்று சிவப்பு மையில். அந்த நோட்டை மட்டும் படிப்பவருக்கு நான் நன்றாகத் தேறி வருகிறேன், நடுநடுவே மட்டம் போடுகிறேன்!

கோவிட்டுக்குப் பிறகு களைப்பு உள்ள எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. சிலருக்கு நடையும் பயிற்சியும் நல்லதுதான். அதனால்தான் முதலிலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். உலக பிசியோதெரபி கூட்டமைப்பே 2021இல் இதைச் சொல்லிவிட்டது. இதே மாதிரி மறுநாள் அடி விழும் நாட்பட்ட களைப்பு நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியை 2007இல் சிபாரிசு செய்த, சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, 2021 அக்டோபரில் அதைக் கொடுக்கக் கூடாது என்று மாற்றிக்கொண்டது. ஆம்ஸ்டர்டாமில் நீண்ட கோவிட்காரர்களின், அதாவது கோவிட் போயும் என்னைப் போல மாதக்கணக்கில் தொந்தரவு விடாதவர்களின், தசைத் துணுக்கைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குப் பின் தசைச் சேதம் கூடியிருந்தது. 2024இல் வந்த ஆய்வு. படுத்துக் கிடந்த தளர்ச்சி என்று இதை எப்படி ஒதுக்குவது?

இதெல்லாம் அந்தத் தம்பிக்குத் தெரியாமல் இருக்கலாம், கோபமில்லை. ஆனால் “நேற்று சவட்டினீங்களே, இன்னைக்கு எப்படி இருக்கு?” என்று மறுநாள் ஒரு போன் போட என்ன செலவு? அதையும் சொல்லிப் பார்த்தேன். “நிமிடத்தைப் பாதியாக்கலாம்” என்றார்கள், அவ்வளவுதான்.

இப்போது நாகர்கோவில் டாக்டர் சொன்னபடி, அசதி வரும் முன்னே மிஷினை விட்டு எழுந்துவிடுகிறேன். ஒரு ஜாக்கெட்டை இரண்டு நாளில் தைக்கிறேன். முழுக்கக் குணமாகவில்லை, ஆனால் அடியோடு விழும் நாட்கள் குறைந்திருக்கின்றன.

5க்கு 2. முன்கூட்டிக் கட்டிய பேக்கேஜில் மிச்சத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்றார்கள், அம்மாவின் முழங்காலுக்கு மாற்றித் தந்தார்கள். அம்மாவுக்கு அங்கே நன்றாகத்தான் குணம் தெரிகிறது.