சுத்த சுருதிக்கு மாற்றிய ஆர்மோனியம்: ஆறாம் கட்டைதான் தொந்தரவு

துருத்தி ஒட்டி முடிந்து பெட்டி கோவையிலிருந்து வந்துவிட்டது. ரீடில் (ஒலி எழுப்பும் உலோக நாக்கு) கை வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியதால், தம்புராவோடு இழையும்படி முன்பே மாற்றி வைத்த சுத்த சுருதி அப்படியே இருக்கிறது. ஈரோட்டுப் பக்கம் திருமுறை முற்றோதல் குழு நடத்தும் நண்பர், "நாங்களும் இதே மாதிரி மாத்திக்கலாமுங்களா?" என்று கேட்டிருந்தார்.

முதலில் காந்தாரம். கடையில் வரும் பெட்டியில் அந்தர காந்தாரம் (பெரிய 'க') சட்ஜத்திலிருந்து 400 சென்ட்; ஒரு ஸ்தாயி முழுக்க 1200 சென்ட் என்பது கணக்கு. தம்புராவின் சட்ஜத் தந்தியில் தானாகக் கிளம்பும் காந்தாரமோ 386. வெறும் 14 சென்ட்தானே என்பவர்கள் தம்புராவோடு உட்கார்ந்து பழம்பஞ்சுரப் பண்ணில் ஒரு பதிகம் பாடிப் பார்க்கட்டும். பழைய சுருதியில் 'க' பிடித்தாலே அடியில் ஒரு கரகரப்பு ஓடும். ரீடின் அடிப்பக்கத்தைச் சுரண்டி இறக்கியதும் அது அடங்கிவிட்டது. இப்போது பெட்டியின் நாதம் எது, தம்புராவின் நாதம் எது என்று பிரிக்க முடியாது. சுந்தரரின் கொடுமுடிப் பதிகத்தை ஒரு கட்டையில் எடுத்து அந்தக் காந்தாரத்தில் நின்றால் எனக்குக் கண் கலங்கிவிடும்.

ஆனால் ஆறாம் கட்டை! வெள்ளைக் கட்டைகளை C முதல் எண்ணினால் ஒன்று C, ஐந்து G, ஆறு A; எந்தக் கட்டையைச் சட்ஜமாக வைக்கிறோமோ அதுவே பாடும் சுருதி. எங்கள் குழுவில் ஆண்களுக்கு ஒரு கட்டை, பெண்களுக்கு ஐந்து கட்டை. ஒரு கட்டைக்கு ஆறாம் கட்டை ரீடு தைவதம், சட்ஜத்தின் அதிர்வெண்ணில் 5/3 மடங்கு. ஐந்து கட்டைக்கு அதே ரீடு ரிஷபம். அங்கே 9/8 வேண்டும், கிடைப்பது 10/9. வித்தியாசம் 81/80, அதாவது 21.5 சென்ட்; பிரமாண சுருதி என்று சொல்லும் சின்ன இடைவெளி. குரலும் ரீடும் மோதி அதிரும். "ஏனுங்க, பொட்டி எங்களோட சேரவே மாட்டேங்குதுங்க" என்று ஒரு அக்கா சொன்னார். நூற்றுக்கு நூறு உண்மை.

பெட்டியைத் திட்டவும் முடியாது. சட்ஜத்திலிருந்து சுத்தமான பஞ்சமமாகவே ஏறுங்கள்: ச, ப, ரி, த, க. அப்படி வந்து சேரும் காந்தாரம், தம்புராவின் காந்தாரத்தைவிட அதே 81/80 கூடுதல். நாலு பஞ்சமமும் சுத்தம் என்றால் காந்தாரம் கெடும். காந்தாரம் சுத்தம் என்றால் ஏதாவது ஒரு பஞ்சமம் குறைய வேண்டும். என் பெட்டியில் ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் நடுவே குறைகிறது; 702 சென்ட் இருக்க வேண்டிய இடத்தில் 680. கடைப் பெட்டி பஞ்சமத்தில் 2, காந்தாரத்தில் 14 என்று எல்லாக் கட்டைக்கும் ஒரே அளவாகப் பிழையைப் பரப்பிவிடுகிறது.

நுனியைச் சுரண்டி ஆறாம் கட்டையை ஏற்றிவிடலாமே என்றார் ரிப்பேர்காரர். ஏற்றினால் ஒரு கட்டையில் தைவதம் போச்சு. மாற்றி மாற்றிச் சுரண்டினால் ரீடுதான் மெலியும்.

ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் குழு என்றால் மாற்றாதீர்கள், கடைச் சுருதியே போதும். இன்றைக்கு இருக்கிற எரிச்சலுக்கு இதைத்தான் சொல்வேன். அதற்காக என் பெட்டியைப் பழையபடி ஆக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெண்கள் பாடும்போது ஆறாம் கட்டையில் விரல் வைக்காமல் தாண்டிவிடுகிறேன். அந்த ரிஷபத்தை அவர்களே சரியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.