பொம்மைக்கடை கிட்: திருகோணமலைக் காற்றில் எது நின்றது, எது போனது

பொம்மைக்கடை கிட், அதாவது வெட்டிய துண்டுகளை நாமே ஒட்டிச் சேர்த்துச் செய்யும் சின்னக் கடை, வாங்க யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூட்டுக்காக வாங்குங்கள், அதோடு வரும் சாமான்களுக்காக வாங்க வேண்டாம். 2019 இல் வெளிநாட்டிலிருந்து தருவித்த ஒரு கிட் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் இன்னும் நிற்கிறது. சுவர், கூரை, தட்டுகள் எல்லாம் அதில் வந்தவைதான். உள்ளே இருந்த சரக்கு மட்டும் ஏறக்குறைய முழுதாக மாறிவிட்டது. இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு உண்மையான பிடிப்பு வந்ததே அந்த மாற்றத்தில்தான்.

அளவு 1:12. அசலில் ஓர் அடி என்றால் இங்கே ஓர் அங்குலம். பொம்மைவீட்டுக்காரர்களிடம் அதிகம் புழங்குவது இதுதான். இங்கிலாந்தின் மேரி மகாராணிக்காக கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து 1924 இல் முடித்த பொம்மை மாளிகையும் இதே அளவு. வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வரும்படி, மின்விளக்கு எரியும்படி செய்திருக்கிறார்கள். 1:24 கிட்டுகள் மலிவு, இடமும் குறைவாகப் பிடிக்கும். ஆனாலும் கடை வைப்பதென்றால் 1:12 ஐத்தான் சொல்வேன். கடை என்றால் சரக்கு. ஒரு சவர்க்காரக் கட்டி இந்த அளவிலேயே ஏழு மில்லிமீற்றர்தான் வரும். அதையும் பாதியாக்கினால் கையால் செய்து மாளாது.

வந்தது ஓர் ஐரோப்பிய பேக்கரி. வளைந்த முன் யன்னல், கேக் அடுக்கும் தட்டு, ஒரு நீள மேசை. லேசரால் வெட்டிய எம்.டி.எஃப். பலகை, மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்வது. வெட்டு சுத்தமாக இருந்தது, துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாகப் பொருந்தின. அந்த வேலைப்பாட்டுக்கு முழு மதிப்பெண். கூட வந்த பசை ரியூபுக்குள்ளேயே இறுகியிருந்தது. பிளாஸ்ரிக் கேக்குகளின் நிறம் ஒரு வருடத்திலேயே வெளிறிவிட்டது.

பெரிய சோதனை எங்கள் ஊர்க் காற்றுதான். ஐப்பசியில் மழை பிடித்து வாடை வீசத் தொடங்கினால் தை வரைக்கும் வீட்டில் எதுவும் ஒழுங்காகக் காயாது. எம்.டி.எஃப். பலகையின் முகம் ஈரத்தை ஓரளவு தாங்கும். வெட்டிய விளிம்புதான் உறிஞ்சும். முதல் மாரியிலேயே அடித்தட்டின் ஓரம் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் மாதிரி ஊதிவிட்டது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டு இளக்கி, விளிம்பெல்லாம் பூசிக் காயவிட்டு, சாண்ட்பேப்பரால் தேய்த்து, மறுபடி பூசி, அப்புறம் பெயின்ற் அடித்த பிறகு ஊதல் நின்றது. புதிதாகத் தொடங்குபவர்கள் பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நிலைமை நேர்மாறு. தண்ணீரில் கரையும் பெயின்ற் தூரிகை பட்ட இடத்திலேயே காய்ந்து கோடு விழும். குளூ கன்னால் ஒட்டிய இணைப்புகள் சூட்டில் இளகிக் கழன்றன. சூப்பர் குளூ பிடித்தால் விடாது, ஆனால் அதன் ஆவி யன்னலுக்கு வந்த தெளிந்த பிளாஸ்ரிக்கில் வெள்ளையாகப் படியும். காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் மோசம். கடைசியில் நிலைத்து நின்றது அந்த வெள்ளைப் பசைதான். காய நேரம் எடுக்கும், பரவாயில்லை. ஒட்டுவது, பூசுவது எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் மாசியும் பங்குனியும்தான் நல்ல மாதங்கள்.

2020 இல் பல பொருட்களுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ஐத் தாண்டிப் போனது. வெளியிலிருந்து சின்னச் சாமான் வாங்குவது அதோடு நின்றது. பேக்கரியைப் பலசரக்குக் கடையாக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. நாங்கள் சின்ன வயதில் சீனியும் மண்ணெண்ணெயும் வாங்கப் போன கடை.

வளைந்த யன்னலைக் கழற்றிவிட்டுப் பலகைக் கதவு போட்டேன். பழைய கடைகளில் இலக்கம் எழுதிய பலகைகளை ஒவ்வொன்றாகக் காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், செருகிக் கடை பூட்டுவார்களே, அது. வைத்தியர்கள் நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சி இதற்கு அளவாக வந்தது: ஆறங்குல நீளம், அசலில் ஆறடிப் பலகை. நுனியின் வளைவை மட்டும் வெட்டி நேராக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஊசிமுனையால் தொட்டு இலக்கம் எழுதினேன்.

சாக்குகளுக்கு அசல் சணல் சரிவராது. இழை பருமனாகத் தெரியும். பழைய வேட்டித் துண்டைச் சாயத் தேத்தண்ணியில் ஊறவைத்துக் காயவிட்டால் நிறமும் இழையும் பொருந்துகின்றன. உள்ளே என்ன போடுவது என்பதில்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. உண்மையான அரிசி இந்த அளவில் விரல் நீளத்துக்குத் தெரியும். ரவை அளவில் சரி, ஆனால் எறும்பும் வண்டும் விடாது. அதனால் கடற்கரை மணலை நல்ல தண்ணீரில் பல தரம் அலசி, உப்புப் போனதும் காயவைத்து அரித்துப் போட்டேன். உப்பு மிச்சமிருந்தால் மாரியில் கசியும், அலசுவதில் சோம்பல்படக் கூடாது. மைசூர்ப் பருப்புக்குச் செங்கல் தூள். சின்ன வெங்காயத்துக்குக் கடுகு: வார்னிஷ் போட்டு, மேலே கொஞ்சம் ஊதாப் பெயின்ற். கடுகுதான் இங்கே ஒரே உணவுப் பொருள், வார்னிஷ் இருப்பதால் இன்றுவரை பூச்சி தொடவில்லை.

கடையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது கடகம், பனையோலைக் கூடை. பனங்குருத்தை ஊசியால் ஒரு மில்லிமீற்றர் அகலத்துக்குக் கிழித்து, ஈரத் துணியில் சுற்றிப் பதமாக்கி, என் பெரியம்மா இழைத்துத் தந்தது. ஒன்றரை அங்குல வாய். அசலைப் போலவே அடி சதுரம், வாய் வட்டம். ஓலைக்கு வாடையும் ஒன்றுதான், கச்சானும் ஒன்றுதான். கிட்டோடு வந்த எந்தச் சாமானும் இதற்குக் கிட்ட நிற்காது.

எங்கள் ஒழுங்கையில் வெகுகாலம் கடை நடத்திய ஐயா ஒருவர் இதைப் பார்க்க வந்திருந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். “எல்லாம் சரி பிள்ளை, கடன் கொப்பி எங்க?” என்றார்.

“செய்திடுறன் ஐயா.”

“மேசையில வைக்காத. ஆணியில நூல் கட்டித் தொங்கவிடு. பேனையையும் சேர்த்துக் கட்டு, இல்லாட்டி ஆராவது கொண்டு போயிடுவினம்.”

அப்படியே செய்தேன். பதினேழு மில்லிமீற்றர் உயரம், உள்ளே கோடு போட்ட தாள், சில பக்கங்களில் பெயரும் தொகையும். பேனை ஈர்க்கின் நுனி. கடைக்கு வருகிறவர்கள் முதலில் தொடுவது இதைத்தான்.

பிஸ்கட் ரின், சோடாப் போத்தல் லேபல்களுக்கு ஒரு விஷயம். வீட்டு இங்க்ஜெட் பிரின்ரரின் மை பசை பட்டால் கலங்கும், வெயிலில் வெளிறும். போட்டோக்கொப்பிக் கடையில் லேசர் பிரின்ற் எடுத்தால் கலங்காது, செலவும் சில்லறைதான். வாழைக்குலைக்கு பொலிமர் களிமண்ணையே வாங்குங்கள். பக்கெற்றில் சொன்ன சூட்டில் ஓவனில் சுட்டால் அப்படியே இருக்கும். சோளமாவும் பசையும் சேர்த்துப் பிசையும் களி மலிவு, மாரி வந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

கிட்டின் மின்குமிழ்கள் நன்றாக இருந்தன, மின்சாரம் கொடுத்த விதம் சரியில்லை. பொத்தான் பற்றரி சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டு ஏஏ பற்றரி போடும் பெட்டிக்கு மாற்றினேன். அதே மூன்று வோல்ற்று, ஆனால் பல மடங்கு நேரம் எரியும். 2022 இல் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில் விறாந்தையில் எரிந்த விளக்கு இந்தக் கடை விளக்குத்தான். உப்புக் காற்றில் செப்புக் கம்பி பச்சை பூக்கும். இணைத்த இடங்களில் நிறமில்லாத கியூடெக்ஸ் (நகப்பூச்சு) பூசிவிட்டால் தாங்குகிறது. பாவிக்காத நாட்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள்.

இன்னும் தீராத தொல்லை தூசி. முன்பக்கம் திறந்த கிட் என்பதால் தட்டுத் தட்டாகத் தூரிகையால் தட்ட வேண்டியிருக்கிறது. அடுத்து வாங்குபவர்கள் முன்னுக்குக் கண்ணாடி செருகக் காடி உள்ள கூடாகப் பார்த்து வாங்குங்கள். என்னுடையதுக்குக் கண்ணாடிக் கடையில் மூன்று மில்லிமீற்றர்த் தகடு வெட்டக் கொடுத்திருக்கிறேன்.