அப்பாவுக்கு வாங்கிய ஆக்சிடோசின் ஸ்ப்ரே: மூன்று வாரம் பயன்படுத்திய அனுபவம்

அம்மா போய் ஏழு மாதம். அப்பாவுக்கு 78 வயது. போன் செய்தால் "நல்லாத்தான் இருக்கேன், நீ போய் வேலையைப் பாரும்மா" என்று வைத்துவிடுவார். அந்தச் சமயத்தில்தான் முதியவர்களுக்கு நெருக்க உணர்வைத் தரும் ஆக்சிடோசின் ஹார்மோன் என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே ஒன்று, கூடவே அட்டாச்மென்ட் ஸ்டைலையும் (உறவுகளில் ஒருவர் எப்படி ஒட்டிப் பழகுகிறார் என்பதையும்) குணத்தையும் கணித்துச் சொல்லும் கேள்விப் படிவம். யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.

ஸ்ப்ரேயில் ஒரு அடிக்கு எத்தனை யூனிட் மருந்து என்று பாட்டிலில் எங்கேயும் போடவில்லை. பிரசவ வலி வரவைக்கவும், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தவும் போடும் ஆக்சிடோசின் ஊசி மருந்து சூடு தாங்காது, அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இதுவோ சாதாரண அட்டைப்பெட்டியில், கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக வந்து சேர்ந்தது. அப்போதே நிறுத்தியிருக்கணும். காலையும் மாலையும் மூன்று வாரம் அடித்தோம், மூக்கு ஒழுகியதைத் தவிர வேறு எந்த மாற்றமும் தெரியவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 24 யூனிட் ஸ்ப்ரே அடித்துக்கொண்டவர்கள் முன்பின் தெரியாதவரை அதிகம் நம்பினார்கள் என்று 2005-ல் ஒரு ஆய்வு வந்தது, "அன்பு ஹார்மோன்" என்ற பேச்சு பெருகியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. ரத்தத்தில் இது சில நிமிடங்கள்தான் தங்கும், மூக்கு வழியாக மூளைக்கு எவ்வளவு போகிறது என்பதில் இன்னும் சண்டை. என்னை உலுக்கியது 2010-ல் வந்த இன்னொரு ஆய்வு. ஆண்களுக்கு இதைக் கொடுத்துவிட்டு, சின்ன வயதில் அம்மா எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று கேட்டிருக்கிறார்கள். உறவில் பதற்றம் குறைவானவர்களுக்கு அம்மா முன்னைவிடப் பாசமானவராக நினைவுக்கு வந்திருக்கிறார், கைவிட்டுவிடுவார்களோ என்று பயப்படும் சுபாவம் உள்ளவர்களுக்கு அப்படியே தலைகீழ். ஒரே மருந்துதான், ஆளைப் பொறுத்து விளைவு மாறுகிறது. அப்பா நாலு வயதில் பாட்டி வீட்டில் விடப்பட்டு அங்கேயே வளர்ந்தவர். இதெல்லாம் தெரியாமல் அவர் மூக்கில் அடித்துக்கொண்டிருந்தேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சரி, படிவத்துக்கு வருகிறேன். அட்டாச்மென்ட் பற்றிய சிந்தனையை ஜான் பௌல்பி, மேரி ஐன்ஸ்வொர்த் என்ற மனநல ஆய்வாளர்கள் குழந்தையையும் தாயையும் வைத்துத் தொடங்கினார்கள், 1987-ல்தான் வேறு இரு ஆய்வாளர்கள் அதைப் பெரியவர்களின் காதலுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் படிவத்தில் இருப்பதும் இளம் ஜோடிகளுக்கான கேள்விகள்தான். "என் துணை என்னை விட்டுப் போய்விடுவாரோ என்று கவலைப்படுகிறேன்" என்ற வரிக்கு வந்ததும் அப்பா பேனாவை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதுல யாரைப் போடறது?" என்று கேட்டார். எனக்கு பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓரத்தில் அம்மா பெயரை எழுதி, "இல்லை" என்பதில் டிக் போட்டார். அன்று ராத்திரி ஒன்றரை மணி நேரம் அம்மாவைப் பற்றிப் பேசினார், அவர்களுக்குள் நடந்த முதல் சண்டை உட்பட, நான் கேட்டே இராத கதை அது.

வந்த அறிக்கையோ, அவர் நெருக்கத்தைத் தவிர்க்கும் ரகம், யாரோடும் ஒட்டாத குணம் என்கிறது. துக்கத்தில் இருப்பவரின் மௌனத்தைப் பார்த்துக் குணம் என்று எழுதுவது பெரிய தப்பு. வயதாக ஆக உறவு சார்ந்த பதற்றம் சராசரியாகக் குறைகிறது, இணங்கிப் போகும் தன்மை கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அது பலரைப் பல வருடம் கவனித்துச் சொல்வது. மனைவியை இழந்து ஏழு மாதமான ஒருவரிடம் ஒரே நாளில் நாற்பது கேள்வி கேட்டு எடுக்கிற முடிவு இல்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஆக்சிடோசின் அதிக அளவில் போனால் உடம்பில் தண்ணீரைத் தேக்கிச் சோடியத்தைக் குறைக்கும். வயதானவர்களுக்கு, அதுவும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, சோடியம் ஏற்கெனவே இறங்கக்கூடியது. அப்பாவும் அந்த மாத்திரை எடுக்கிறார், டாக்டரிடம் சொன்னதும் முதலில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் எழுதினார். நல்லவேளை, சோடியம் சரியாக இருந்தது. அளவே போடாத பாட்டிலை டாக்டரைக் கேட்காமல் வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஸ்ப்ரேயை விற்றவர்களோ, பணத்தைத் திருப்பித் தர முடியாது, பாட்டிலைத் திறந்துவிட்டீர்கள் என்றார்கள். ஐந்துக்கு ஒரு ஸ்டார்.