தசை ஏற்ற: தினமும் ஒரே கலோரியா, ஏற்றி இறக்கும் சுழற்சியா?

தசை ஏற்றும் மாதங்களில் சாப்பாட்டை இரண்டு விதமாகத் திட்டமிடுகிறார்கள். சிலர் தினமும் ஒரே அளவு கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள். சிலர் பயிற்சி நாளில் ஏற்றி, ஓய்வு நாளில் இறக்குகிறார்கள். என் ஓட்டு முதல் முறைக்கு.

புரதத்தில் போட்டியே இல்லை, அதைச் சுழற்றவே வேண்டாம். பளு தூக்கியபின் தசை கட்டும் வேலை 24 முதல் 48 மணி நேரம் வரை நடக்கிறது. ஓய்வு நாளும் அதற்குள்தான் வருகிறது. கிலோவுக்கு 1.6–2.2 கிராம் போதும். 70 கிலோ எடைக்கு 130 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து.

ஏற்றி இறக்க மிஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்து. எடை நிலையாக நிற்க 2500 கலோரி தேவைப்படுபவர் தினமும் 2750 சாப்பிட்டால் வாரத்துக்கு 19,250. சுழற்சியில் நான்கு பயிற்சி நாள் 3000, மூன்று ஓய்வு நாள் 2415. கூட்டினால் ஏறக்குறைய அதே கணக்கு. அதனால் ‘சுழற்சியில் கொழுப்பு ஏறாது’ என்ற பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

முடிவைத் தீர்மானிப்பது எடை மெஷின். பயிற்சி நாளுக்கும் ஓய்வு நாளுக்கும் உள்ள 585 கலோரி இடைவெளி என்பது சுமார் 145 கிராம் மாவுச்சத்து. கிளைக்கோஜனாக, அதாவது உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்தாக, தசையில் சேரும் ஒவ்வொரு கிராமும் கூடவே மூன்று கிராம் தண்ணீரையாவது பிடித்துவைக்கும். காலை எடை அரைக் கிலோ வரை ஆடலாம். நாம் தேடும் ஏற்றமோ வாரத்துக்கு 175–350 கிராம்தான். வாரச் சராசரி எடுத்தால் சரியாகும் என்பது உண்மை, பயிற்சி நாட்கள் மாறாதவரை. ஒரு நாள் பயிற்சி தவறினால் சராசரியும் குழம்பும், வாரக் கூட்டலில் 585 கலோரியும் போகும். இன்னொரு சிக்கல்: 3000 எட்டாமல் 2700-ல் நின்றுவிட்டு, ஓய்வு நாளில் மட்டும் கறாராகக் குறைப்பது. நான்கு நாளில் 1200 கலோரி காலி. வாரத்தின் 1750 உபரியில் மிச்சம் 550.

ஓய்வு நாளில் பசியே எடுக்காதவர்களுக்குச் சுழற்சி வசதிதான். பல வருடம் பயிற்சி செய்து வளர்ச்சி மந்தமானவர்களுக்குக் கூடுதல் பலன் இருக்கலாம். அடித்துச் சொல்ல மாட்டேன்.

கால் பயிற்சிக்குத் தெம்பு வேண்டுமென்றால் அன்றைய மாவுச்சத்தில் பெரும்பங்கைப் பயிற்சிக்கு முந்தைய, பிந்தைய வேளைகளுக்கு நகர்த்துங்கள். மொத்த அளவைத் தொடாதீர்கள். காலைக்கடன் முடித்ததும், சாப்பிடுமுன் எடை பார்த்து ஏழு நாள் சராசரி குறியுங்கள். இரண்டு வாரமாக ஏற்றம் 175 கிராமுக்குக் கீழே என்றால் தினமும் 150 கலோரி கூட்டுங்கள், 350-ஐத் தாண்டினால் அதே 150-ஐக் குறையுங்கள்.