கேபிளை வெட்டியாச்சு: சீரியலா, ஓடிடியா, வசந்தமா?

ரெண்டு வருஷ கேபிள் காண்ட்ராக்ட் மார்ச்ல முடிஞ்சுது, புதுப்பிச்சுக்கோங்கன்னு போன் மேல போன். தமிழ் சேனல் பேக்கோட சேர்த்து மாசம் 40 வெள்ளிக்கு மேல கட்டிட்டிருந்தோம், அதுல உருப்படியா பார்த்தது ரெண்டே சேனல், மத்ததெல்லாம் ரிமோட்ல தாண்டிப் போறதுக்குத்தான். வேணாம்னு வெட்டிட்டு அந்தக் காசுல ஓடிடி எடுத்துக்கிட்டோம், சிங்கப்பூர்த் தமிழ் சேனல் வசந்தத்துக்கு மீவாட்ச் ஆப் இருக்கவே இருக்கு, அது ஓசி. ஆறு மாசம் ஆச்சு. எது தேறுச்சு எது தேறலன்னு ரெண்டு பேரு கேட்டாங்க, அதான் எழுதறேன். நான் ஓடிடி பக்கம்தான் சாய்வேன், முன்னாடியே சொல்லிடறேன்.

சீரியல் இழுவைன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஒரு கல்யாணத்தை மூணு வாரம் பண்ணுவாங்க, ஒரு அதிர்ச்சிக்கு ஒன்பது பேரு மூஞ்சியைக் காட்டுவாங்க. வெப் சீரிஸ்னா எட்டு எபிசோட், முடிஞ்சுது கதை. விலை, விளம்பரம் இதெல்லாம் அவங்கவங்க கணக்கு, விட்டுடறேன்.

எங்க வீட்டுல எல்லாத்தையும் முடிவு பண்ணது சப்டைட்டில்தான். சிரிக்காதீங்க. இது ஈசூன்ல ஒரு நாலறை வீடு, ஹால்ல ஒரே டிவி. அம்மாவுக்கு 71 வயசு, செஞ்சி பக்கத்துலேர்ந்து கல்யாணம் பண்ணிட்டு இங்க வந்தவங்க, தமிழ் மட்டும்தான். என் மனைவி மலேசியாவுல ஈப்போ, அவங்களுக்குத் தமிழும் வரும் ஆங்கிலமும் வரும். பொண்ணு செகண்டரி டூ, பையன் பிரைமரி ஃபைவ், ரெண்டு பேருக்கும் தமிழ் புரியும், ஆனா வேகமா பேசினா பாதியைக் கோட்டை விட்டுட்டு போனை எடுத்துருவாங்க. எங்க வீட்டுக்கு வந்த கேபிள் சேனல்ல சப்டைட்டிலே கிடையாது, அதனால சீரியல் ஓடும்போது ஹால்ல அம்மா மட்டும்தான், அதுவும் பாதி நேரம் துணி மடிச்சிட்டு, கீரை ஆஞ்சுட்டு, காதால கேட்டுட்டிருப்பாங்க. ரெண்டு வருஷமா காசு கட்டி ஒருத்தர் ரேடியோ கேட்ட மாதிரிதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு எதிர்நீச்சல். அது ஓடின காலத்துல மாரிமுத்து குணசேகரனா வந்து அதட்டுற அதட்டலைப் பார்க்கவே பிள்ளைங்க வந்து உக்காருவாங்க, என் பொண்ணு அவர் மாதிரியே கையை ஆட்டிப் பேசிக் காட்டுவா, அர்த்தம் பாதிதான் தெரியும். 2023 செப்டம்பர்ல அவர் இறந்ததுக்கப்புறம் அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தாரு, நல்லாத்தான் பண்ணாரு, ஆனா பிள்ளைங்க திரும்ப வரல.

இப்ப ஓடிடி. முதல்ல போட்டது சுழல், 2022ல வந்தது, புஷ்கர் காயத்ரி எழுதினது, நாங்க ரொம்ப லேட். அம்மா வரமாட்டாங்கன்னு நினைச்சேன், கதையில மயானக் கொள்ளைத் திருவிழா வந்ததும் கீரைத் தட்டைக் கீழ வச்சிட்டாங்க. "இது எங்க மேல்மலையனூர்ல சிவராத்திரிக்கு மறுநாள் பண்றதுடா, இவங்க என்ன இத்தனை நாள் பண்றாங்க"ன்னு கதிரையும் ஐஸ்வர்யா ராஜேஷையும் விட்டுட்டு சாமி வேஷத்தையே பார்த்துட்டிருந்தாங்க. பொண்ணு கீழ ஓடுற ஆங்கிலத்தைப் படிச்சிட்டே பாட்டிகிட்ட ஏன் சுடுகாட்டுக்குப் போறாங்கன்னு கேட்டா, பாட்டி சொன்னாங்க, நாங்க பாஸ் போட்டுட்டுக் காத்திருந்தோம். எங்க ஹால்ல அந்த மாதிரி நடந்து எவ்வளவு நாளாச்சுன்னு எனக்கே ஞாபகமில்ல.

பையனை மட்டும் ரூமுக்கு அனுப்பிட்டோம், சின்னப் பிள்ளைங்க பார்க்கிற விஷயம் இல்ல அது. தமிழ் வெப் சீரிஸ்ல எனக்கிருக்கிற பெரிய குறையே இதுதான், எதை எடுத்தாலும் ஒரு பொணம், ஒரு போலீஸ். வதந்தியில எஸ்.ஜே. சூர்யா பிரமாதம், கன்னியாகுமரிப் பக்கத்தை அழகா காட்டியிருக்காங்க, ஆனா அதுவும் பொணம்தான். அயலி ஒண்ணுதான் வேற மாதிரி. அது இருக்கிற ஜீ5 எங்ககிட்ட இல்ல, அக்கா வீட்டுல ஒரு சனிக்கிழமை எட்டு எபிசோடையும் ஒரே மூச்சுல பார்த்தோம். வயசுக்கு வந்தா படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணிடற ஒரு புதுக்கோட்டைக் கிராமம், டாக்டர் ஆகணும்னு அந்த விஷயத்தை மறைக்கிற தமிழ்ச்செல்வி. என் பொண்ணு வீட்டுக்கு வர்ற வழியில பஸ்ல பேசவே இல்ல, அப்புறம் பாட்டிகிட்ட உங்களை எந்த கிளாஸோட நிறுத்தினாங்கன்னு கேட்டா. எட்டாவது.

சப்டைட்டில்னு சொன்னேன்ல, அதுலயும் தகராறு இருக்கு. எதுல பார்த்தோம்னு சொல்லல, ஒரு குடும்பக் கதை, கொலை யாரு பண்ணாங்கன்னு கடைசியில வரணும். பையன் நடுவுல பாஸ் அமுக்கிட்டு, "பா, சித்தப்பாவும் அங்கிள், பெரியப்பாவும் அங்கிள், மாமாவும் அங்கிள், பக்கத்து வீட்டுக்காரரும் அங்கிள், எந்த அங்கிள் பா கொன்னது?"ங்கிறான். நியாயமான கேள்வி. அன்னையிலேர்ந்து காதைத் தீட்டிட்டு யாரு யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடறாங்கன்னு கவனிக்கிறான், மோசமான சப்டைட்டிலால வந்த ஒரே லாபம் அதுதான்.

சீரிஸை விட எங்களுக்குப் படம்தான் நல்லா செட்டாகுது. மெய்யழகனை மூணு தடவை பார்த்தாச்சு. தியேட்டர்ல நீளம்னு சொல்லி 18 நிமிஷம் வெட்டினாங்க, வீட்டுல பார்க்கும்போது எனக்கு நீளம் ஒரு பாரமாவே தெரியல, நடுவுல எழுந்து டீ போட்டுட்டு வரலாம்ல. கார்த்தி பேசிட்டே இருக்காரு, அரவிந்த்சாமி பேரு ஞாபகம் வராம முழிக்கிறாரு, ஒரு பழைய சைக்கிள் கதை வருது, அதுக்கு என் மனைவி ஒவ்வொரு தடவையும் அழுவாங்க. டூரிஸ்ட் ஃபேமிலியும் அப்படித்தான், சசிகுமாரும் சிம்ரனும் ராமேஸ்வரம் வந்து இறங்கற ஈழத்துக் குடும்பம், அவங்க பேசற தமிழைக் கேட்டு பையன் இது எந்தத் தமிழ்னு கேட்டான். பள்ளிக்கூடத்துல தமிழ் ஓரல் பரீட்சைக்கு ஒரு வீடியோவைக் காட்டிட்டு அதைப் பத்திப் பேசச் சொல்லுவாங்க, நாங்களும் படம் முடிஞ்சதும் பையனை அஞ்சு நிமிஷம் பேச வைக்கிறோம். மார்க் ஏறுமான்னு தெரியாது, வாய் திறக்குது.

வசந்தத்தை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். 2008ல தனி சேனலா வந்ததுலேர்ந்து எங்க வீட்டுல ஓடுது, எட்டரைச் செய்தியை அம்மா இன்னைக்கும் விடமாட்டாங்க. நாடகத்துக்குக் கீழ ஆங்கிலம் ஓடும், அந்த விஷயத்துல ஓடிடிக்கு ரொம்ப முன்னாடியே அவங்க செஞ்சிட்டாங்க. புளோக் காரிடார், கோப்பிக்கடை, எம்ஆர்டி எல்லாம் நம்ம கண்ணுல படறது, பேச்சும் நம்ம பேச்சு. அவங்க போலீஸ் நாடகம் வேட்டை வந்த காலத்துல நான் ஒரு எபிசோட் விட்டதில்ல. ஆனா கடைசி ரெண்டு வருஷத்துல ரெண்டு மூணு நாடகம்தான் பார்த்திருக்கேன், அதுலயும் ஒண்ணைப் பாதியில விட்டேன், அதை வச்சு இப்ப எப்படின்னு தீர்ப்பு சொன்னா அது நியாயம் இல்ல. எனக்குப் பட்டது, இடம் நம்ம இடமா இருந்தாலும் சண்டையும் அழுகையும் ஊர் சீரியல் பாணிக்கே போயிடுது. கண்ணு முன்னாடி இவ்வளவு கதை இருக்கு, வேலை மாறி வர்ற பசங்க, தமிழ் பேசத் தயங்கற பிள்ளைங்க, தனியா இருக்கிற பெரியவங்க. இதை எடுத்து எட்டே எபிசோட்ல முடிச்சா நான் ஓடிடியைக்கூட நிறுத்திடுவேன். ஒருவேளை எடுத்தும் இருக்கலாம், நான்தான் பார்க்காம இருக்கேன் போல.

வீட்டுல தனியா இருக்கற பெரியவங்களுக்கு மட்டும் கேபிளை வெட்டாதீங்க லா. அவங்களுக்குப் பகல்ல ஒரு சத்தம் வேணும், ஓடிடியில ஒவ்வொண்ணா தேடிப் போடறதுக்குள்ள அலுத்துப் போயிடுவாங்க. எங்கம்மாவும் முதல் மாசம் முகத்தைத் தூக்கி வச்சிட்டுத்தான் இருந்தாங்க. இப்ப ஜொகூர்ல இருக்கற சின்னம்மா ராத்திரி ஒன்பதரைக்குப் போன் பண்ணி அன்னைக்கு சீரியல் கதையை முழுசா சொல்லிடறாங்க, மருமக மாதிரி ஒரு குரல், மாமியார் மாதிரி ஒரு குரல். நேத்து ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க, பையன் ஹோம்வொர்க்கை விட்டுட்டுப் பக்கத்துல வந்து உக்காந்து "தென் வாட் ஹேப்பன்?"ன்னான். அம்மா போனைக் கையால பொத்திக்கிட்டு, "தமிழ்ல கேளு, சொல்றேன்"னாங்க.