வீட்டுச் சாவியும் மூன்று வழக்குகளும்

காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகளில் (முற்றம் வைத்த பெரிய பூர்வீக வீடுகளில்) இது பழகிய கதைதான். குடும்பம் சென்னையில் இருக்கும், சாவி ஊரில் ஒருவர் கையில். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வந்து அறையைத் திறந்தால் பித்தளை அண்டாவைக் காணோம், மரப் பாத்திரமான மரவையைக் காணோம். எல்லாம் பழைய சாமான் கடைக்குப் போயிருக்கும்.

கோபத்தில் எழுதும் புகாரில் நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். ஒரே சம்பவத்துக்கு இரண்டும் சேர்ந்து நிற்காது என்று 2024இல் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாவி வாங்கும்போதே விற்கிற எண்ணத்தில் பொய் சொல்லி வாங்கியிருந்தால் அது ஏமாற்றுதல். இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 318. ஒழுங்காக வாங்கி, பத்து வருஷம் விளக்கேற்றி வைத்துவிட்டு, அப்புறம் கைவைத்திருந்தால் நம்பிக்கை மோசடி, பிரிவு 316. சாவி விவகாரம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. 318இல் 7 வருஷம் வரை தண்டனை உண்டே என்று ஆசைப்பட்டால், முதல் நாளே அவர் மனதில் என்ன இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். அது எளிதல்ல.

316இல் சாதாரணமாக 5 வருஷம் வரை. பொறுப்பை ஒப்படைத்த சம்பள ஆள் என்றால் 7 வரை. 2024 ஜூலை 1க்கு முன் நடந்தது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் வரும். அதில் நம்பிக்கை மோசடிக்கான 406ஆம் பிரிவுக்கு 3 வருஷம்தான், புகார் கொடுக்கவும் 3 வருஷக் கெடு உண்டு.

சாவி வைத்திருந்தவர் பங்காளியாக இருந்தால்தான் சிக்கல். 'சிவில் மேட்டர்' என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்புவார்கள். முழுக்கத் தப்பென்றும் சொல்ல முடியாது. தொழில் பங்குதாரர் விஷயத்தில், தனியாக ஒப்படைத்ததைக் காட்டினால்தான் குற்றம் என்றது 1965ஆம் வருஷத்து வெல்ஜி ராகவ்ஜி படேல் தீர்ப்பு. பங்காளிகளின் பொதுச் சாமானுக்கும் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே நீட்டுவார். அங்கே நான் சிவில் வழக்கைத்தான் சொல்வேன். இழுக்கும், செலவாகும், ஆனால் பொருளையோ அதன் விலையையோ கேட்க அதுதான் நேர்வழி.

பெண்ணுக்குக் கொடுத்த சாமான் என்றால் நிலைமை வேறு. சீதனம் புகுந்த வீட்டில் இருந்தாலும் அவளுடையதே, கேட்டும் தராமல் அபகரித்தால் நம்பிக்கை மோசடி என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பானது. கரண்டி வரை எழுதி வைக்கும் நம் கல்யாணச் சாமான் சிட்டை அப்போது நல்ல சாட்சி.

வீட்டுச் சாமானுக்குச் சிட்டை இல்லையா? "சாவி என்னிடம்தான் இருக்கிறது" என்று சாவி வைத்திருந்தவர் என்றைக்காவது வாட்ஸ்அப்பில் பதில் போட்டிருக்கிறாரா, தேடிப் பாருங்கள்.