88 கட்டை டிஜிட்டல் பியானோ: நாலு மாசம் வாசித்த பிறகு

மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். 61 கட்டை கீபோர்டே போதும் என்றுதான் வீட்டில் சொன்னார்கள், ஆனால் கடையில் இரண்டையும் தொட்டுப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. இந்தப் பியானோவில் கட்டைக்குக் கனம் இருக்கிறது, உள்ளே சுத்தியல் மாதிரி எடை வைத்திருக்கிறார்கள், இடது பக்கம் அழுத்தக் கொஞ்சம் பாரமாக, வலது பக்கம் போகப் போக லேசாக. மெல்லத் தொட்டால் முனகும், ஓங்கி அடித்தால் அதட்டும்.

43 வயதில் முதல் பாடம். கீழ் ச முதல் மேல் ச வரை எட்டு ஸ்வரம், விரலோ ஐந்துதான்! நடுவிரல் 'க'வில் இருக்கும்போதே கட்டைவிரலை அதற்கு அடியில் நுழைத்து 'ம'வைப் பிடிக்க வேண்டும். இது பிடிபட எனக்குப் பத்து நாள். பதினோராம் நாள் அறுந்துபோகாமல் எட்டும் வரிசையாக விழுந்தது, அடுப்படியிலிருந்து அம்மா, "என்னய்யா, சங்கராபரணமா?" என்றார். ஆமாம், ஸி (C) என்கிற கட்டையில் ஆரம்பித்து வெள்ளைக் கட்டையில் மட்டும் போனால் சங்கராபரண ராகம்தான், எனக்கே அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு ராத்திரி பதினொன்று வரை அதையே வாசித்தேன். ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம் என்பதால் பக்கத்து வீட்டோடு சண்டை இல்லை.

குறையா? கூட வந்த பெடல் மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டே போகிறது, அடியில் பழைய சாக்கு போட்டிருக்கிறேன். பேட்டரி போட இடமில்லை, கரண்ட் போனால் வெறும் மரப்பலகை. ஸ்டாண்டுக்குத் தனிக்காசு. இரண்டு கையும் சேர்த்து வாசிக்க இன்னும் வரவில்லை, அதற்குப் பாவம் பியானோ என்ன செய்யும்.